வாரம் மூன்று மணி நேரம்: மாற்றுத்திறனாளி வீட்டில் சுத்தம் செய்யும் வேலையைத் திட்டமிடுவது எப்படி?

தினமும் வந்து பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைத்துவிட்டுப் போக மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வைப்பதுதான் நம்மூர் வழக்கம். மாற்றுத்திறனாளி இருக்கும் பல வீடுகளுக்கு அது கட்டுப்படியாகாது. கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். மருந்து, ஆட்டோ, டயப்பர் என்று அது கரைந்த பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேர உதவிக்குத்தான் கையில் காசு மிஞ்சும். அந்த நேரத்தை வீடு முழுக்கப் பரப்பினால் எல்லா இடமும் அரைகுறையாக நிற்கும். அதனால் அங்கே வாழ்பவரின் உடம்பை முதலில் பாருங்கள். அவரை எது விழ வைக்கும், எது மூச்சு முட்ட வைக்கும், எது அவர் தோலைத் தொட்டுக்கொண்டே இருக்கும் என்று கேட்டுக்கொண்டு வேலையைப் பிரித்தால் மூன்று மணி நேரத்தில் நிறையச் செய்யலாம்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு வீட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வடசென்னையில் தண்டையார்பேட்டையில் தரைத்தளத்தில் 350 சதுர அடி வீடு. ஹால், படுக்கையறை, சமையலறை, குளியலறையும் கழிவறையும் ஒன்றாக. தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரும், முட்டி வலியுள்ள அவர் அம்மாவும் இருக்கிறார்கள். உங்கள் வீடு வேறு மாதிரி இருந்தாலும் கணக்குப் போடும் முறை இதேதான்.

முதல் வாரம்: எழுதி வையுங்கள்

ஆள் தேடுவதற்கு முன்பே ஒரு நோட்டில் ஒரு வாரம் எழுதுங்கள். வீட்டில் நடக்கும் சுத்த வேலை ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: 'நானே செய்வேன்', 'செய்வேன், ஆனால் பிறகு படுத்துவிடுவேன்', 'முடியாது'. நடுக் கட்டம்தான் முக்கியம். காலிபர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கம்பிக் கட்டு) போட்டவர் சமையல் மேடையைத் துடைத்துவிடுவார். அதன் பிறகு இரண்டு மணி நேரம் இடுப்பு வலியில் படுத்துக்கிடப்பார் என்றால் அந்த வேலை 'முடியாது' கணக்கில்தான் சேர வேண்டும். பெரும்பாலானவர்கள் வெட்கப்பட்டு அதை 'நானே செய்வேன்' பக்கம் எழுதிவிடுகிறார்கள். திட்டம் இரண்டாவது வாரமே உடைவதற்குப் பெரிய காரணம் இதுதான். எழுத வேண்டியவரும் அந்த மாற்றுத்திறனாளியேதான். வீட்டார் எழுதினால் அவர்கள் கண்ணுக்கு அழுக்காகத் தெரிவது மட்டும் பட்டியலில் ஏறும்.

பிறகு நேரம். நம் எடுத்துக்காட்டு வீட்டில், பழகிய கை செய்தால் ஏறக்குறைய இவ்வளவு ஆகும்: பெருக்க 15 நிமிடம், துடைக்க 20, கழிவறையும் குளியலறையும் 25, சமையல் மேடை, அடுப்பு, சிங்க் 20, விரிப்பு மாற்ற 10, தண்ணீர் டிரம் தேய்க்க 15, மூன்று மின்விசிறி 30, ஃபிரிட்ஜ் 20, ஜன்னல்கள் 25, அலமாரித் தூசி 20, பாத்திரம் 20, துணி போட்டு உலர்த்த 30. கூட்டினால் 250 நிமிடம். ஒரே சுற்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். பெருக்குவதும் கழிவறையும் வாரத்துக்கு ஒரு முறை போதாது என்பதையும் சேர்த்தால் மூன்று மணி நேரத்தில் எல்லாம் அடங்கவே அடங்காது. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் 'அதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லேன்' என்ற வீட்டாரின் பேச்சு நிற்கும்.

எதை வைப்பது, எதை விடுவது

விழ வைப்பது முதலில். ஈரமான குளியலறைத் தரை, பாசி, வழியில் கிடக்கும் மிதியடி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சமையலறைத் தரை. அடுத்து மூச்சும் நோயும்: தூசி, பூஞ்சை, கொசு, கழிவறை. மூன்றாவது உடம்பைத் தொடுவது: விரிப்பு, நாற்காலி மெத்தை, கைப்பிடிகள். உணர்ச்சி இல்லாத தோலுக்கு ஒரு முறுக்குத் துண்டு விரிப்பில் கிடந்தாலும் தெரியாது. அதன் மேலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்தால் புண்ணாகிவிடும். அதனால்தான் விரிப்பு மாற்றும் பத்து நிமிடத்தை எந்தச் சூழ்நிலையிலும் வெட்டக்கூடாது. கடைசியில் வருவது பார்வைக்கு அழகு: ஷோகேஸ், பரண், கதவுக்கு மேலே இருக்கும் படங்கள். அவை எப்போதாவது ஒரு முறை போதும். விருந்தாளி வருகிறார் என்பதற்காக அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வடசென்னைக்கு இரண்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, தண்ணீர் சேமிக்கும் டிரம். மெட்ரோ தண்ணீர் முறை வைத்து வரும் தெருக்களில் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு டிரமாவது நிற்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க நம் வெயிலுக்கு ஏழிலிருந்து பத்து நாள் போதும். வாரம் ஒரு முறை காலி செய்தால் அந்தச் சுற்று அறுந்துவிடும். தண்ணீரை மட்டும் கொட்டினால் பயனில்லை. முட்டை டிரம்மின் உள்சுவரில் நீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாரும் சோப்பும் போட்டு உள்சுவரைச் சுற்றித் தேய்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து டிரம்முக்குள் குனிய முடியாது. ஆகவே இது உதவியாளரின் பட்டியலில் நிரந்தரமாக இருக்க வேண்டிய வேலை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் அப்போதே கவிழ்த்துவிடச் சொல்லுங்கள்.

இரண்டு, தூசி. ராயபுரம், காசிமேடு, எர்ணாவூர், எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி ஓடும் சாலையை ஒட்டிய வீடுகளில் காலையில் துடைத்த தரை மாலையில் கால் பதியும் அளவுக்குக் கறுத்துவிடும். முற்பகலுக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். சாலைக்கு மேற்கே வீடு என்றால் அந்தக் காற்று சாலைத் தூசியை நேராக வீட்டுக்குள் தள்ளும். முடிந்தால் காற்று திரும்புமுன் வேலையை முடிப்பது நல்லது; இல்லையென்றால் கிழக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைக் குறைத்து, நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் தூசியை வாரி எடுக்கச் சொல்லுங்கள். புதுப் பூந்துடைப்பத்தை வெளியே வைத்துப் பத்துப் பதினைந்து தடவை தட்டி, அதன் மாவை உதிர்த்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும்.

ஒரு தடவையா, இரண்டு தடவையா

வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் என்றால் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். வந்து, புடவையை இடுப்பில் சொருகி, பக்கெட் நிரப்புவதற்கே பத்து நிமிடம் போய்விடும். அதை இரண்டு தடவை இழக்க முடியாது. மூன்று மணி நேரம் என்றால் ஒன்றரை ஒன்றரையாகப் பிரிப்பது மேல், ஏனென்றால் கழிவறை ஏழு நாள் தாங்காது.

எடுத்துக்காட்டு வீட்டுக்குச் செவ்வாயும் சனியும். செவ்வாய் 90 நிமிடம்: டிரம் 15, கழிவறையும் குளியலறையும் முழுதாக 25, விரிப்பு 10, பெருக்க 15, துடைக்க 20, கைவசம் 5. சனி 90 நிமிடம்: கழிவறையை மேலோட்டமாக 15, சமையல் மேடையும் அடுப்பும் சிங்க்கும் 20, பெருக்கித் துடைக்க 35, சுழற்சி வேலை 20. சுழற்சி வேலை என்பது வாரம் ஒன்றாக மாறி வருவது: முதல் வாரம் மின்விசிறிகளில் அதிகம் ஓடும் இரண்டு, அடுத்த வாரம் ஃபிரிட்ஜ், மூன்றாம் வாரம் சக்கர நாற்காலி, நான்காம் வாரம் ஜன்னல் வலை. பாத்திரமும் துணியும் அலமாரியும் இதில் இல்லை. பாத்திரத்தை அம்மா உட்கார்ந்தபடி தேய்த்துவிடுவார்; துணிக்கு மெஷின் இருக்கிறது, தாழ்வாக ஒரு கொடி கட்டினால் நாற்காலியிலிருந்தே உலர்த்தலாம்.

நாளை முடிவு செய்யுமுன் தெருவின் தண்ணீர் முறையைப் பாருங்கள். தண்ணீர் வராத நாளில் கழிவறை வேலை வைத்தால் சேமித்த தண்ணீர் முழுக்க அதற்கே போய்விடும். டிரம் தேய்க்க வேண்டிய நேரம், பழைய தண்ணீர் அடியில் கிடந்து புதுத் தண்ணீர் வருவதற்குச் சற்று முன்பு. மின்வாரியப் பராமரிப்பு நாளையும் தவிருங்கள். மின்விசிறி ஓடாமல் தரை காயாது.

ஆளை எங்கே தேடுவது என்றால், அதே தெருவில் காலை வேலை முடித்துப் பதினொரு மணிக்கு மேல் ஓய்வாக இருப்பவர்களை முதலில் கேளுங்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் சொல்லி வைத்தால் நம்பிக்கையான ஆள் சீக்கிரம் கிடைப்பார். வாரம் இரண்டு நாள் வேலைக்கு ஆள் நிற்கத் தயங்குவதன் காரணம் வருமானம் நிச்சயமில்லை என்பதுதான். ஆகவே மாதம் எட்டு வருகை என்று மொத்தமாகப் பேசி, நீங்கள் மருத்துவமனைக்குப் போய் வேலை ரத்தானாலும் அந்த நாளுக்குப் பணம் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்யாதவர் என்றால் விண்ணப்பம் நிரப்ப உதவுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துப் பேச வேண்டும். சுத்த வேலைக்கு வருபவர் உடல் பராமரிப்புக்கு வருபவர் அல்ல. குளிப்பாட்டுவது, சிறுநீர்ப் பையை மாற்றுவது, நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தூக்குவது ஆகியவற்றைப் 'போகிற போக்கில்' கேட்கக்கூடாது. தூக்கப் பயிற்சி இல்லாதவர் தூக்கினால் இருவருக்கும் அடிபடும்.

வேலையின் வரிசை

வரிசை மாறினால் நேரம் வீணாகும், ஆளும் சிக்கிக்கொள்வார். டிரம் முடிந்ததும் கழிவறையில் கிளீனரை ஊற்றிவிட்டு வந்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் ஊறினால் தேய்க்கும் சிரமம் பாதியாகும். அது ஊறும் நேரத்தில் விரிப்பை உருவி, மெத்தையை ஈரத் துணியால் ஒற்றி, புது விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் சொருகுவது. மின்விசிறி வேலை இருந்தால் விரிப்பு மாற்றும் முன்பே. பிறகு பெருக்குவது. பிறகு கழிவறையைத் தேய்த்துக் கழுவி, வைப்பரால் தண்ணீரைத் தள்ளி, கதவைத் திறந்து விடுவது. துடைப்பது கடைசியில்.

துடைப்பதைப் பாதி பாதியாகச் செய்ய வேண்டும். ஒரே மூச்சில் முழு வீட்டையும் துடைத்தால் நாற்காலியில் இருப்பவர் ஒரு மூலையில் சிறைப்பட்டுவிடுவார். அவசரத்துக்குக் கழிவறை போக முடியாது. ஈரத்தில் சக்கரம் உருண்டால் தரை முழுக்கக் கறுப்புக் கோடு விழும், கையும் அழுக்காகும். ஊன்றுகோல் என்றால் கேட்கவே வேண்டாம்: டைல்ஸ் மேல் ஈரமும் ரப்பர் முனையும் சேர்ந்தால் கணத்தில் வழுக்கிவிடும். முதலில் படுக்கையறையும் கழிவறைக்குப் போகும் வழியும். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக் காய்ந்த பிறகு அவர் அங்கே நகர்வார். அதன் பிறகு ஹாலும் சமையலறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்வதற்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். அந்த மாதங்களில் மாப்பை இரண்டு தடவை பிழிவதும் காய்ந்த துணியால் ஒரு ஓட்டு ஓட்டுவதும் கட்டாயம்.

வாசனை தூக்கலாக இருக்க வேண்டும் என்று பினாயிலைக் கொட்டுவதுதான் எங்கும் நடக்கும் தவறு. ஒரு பக்கெட்டுக்கு ஒரு மூடி போதும். கூடினால் தரையில் பிசுபிசுப்பாக ஒரு படலம் நின்று, அதுவே வழுக்கும். ஊன்றுகோல் ரப்பரிலும் ஏறும்.

ஆசிடும் பிளீச்சிங் பவுடரும்

இந்த இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பயன்படுத்தக்கூடாது. கழிவறை ஆசிட் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கடையில் கலர் பாட்டிலில் விற்கும் பல கழிவறை கிளீனர்களிலும் ஆசிட்தான் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஓடி வெளியே போகக் கூடியவருக்கே அது ஆபத்து. கட்டிலில் இருப்பவரால் எழுந்து ஜன்னலைத் திறக்கவும் முடியாது. செவ்வாய் கிளீனர், சனி பிளீச்சிங் என்று நாளைப் பிரித்துவிடுங்கள். பிளீச்சிங் என்றால் அரை பக்கெட், அதாவது ஏறக்குறைய 8 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. கலக்கி, அடியில் சுண்ணாம்பு படிய விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றினால் தரையில் வெள்ளை படியாது. கமோடு நாற்காலிப் பாத்திரம், சிறுநீர்க் குடுவை இவற்றில் பிளீச்சிங் ஊற்றுமுன் வெறும் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். சிறுநீரில் இருக்கும் அம்மோனியாவோடு அது சேர்ந்தாலும் நெடி கிளம்பி மூச்சை அடைக்கும். போர் தண்ணீரின் உப்புக் கறைக்குக் கழிவறை ஆசிட் தேவையே இல்லை. எலுமிச்சை உப்பைக் கரைத்துத் துணியை நனைத்துக் குழாய் மேல் அரை மணி சுற்றி வைத்தால் விட்டுவிடும். அதுவும் மென்மையான ஆசிட்தான், பிளீச்சிங்கோடு சேர்க்காதீர்கள்.

சுத்தம் செய்யும் திரவம் எதையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் பார்வையற்றவர் இருந்தால் பாட்டிலின் கழுத்தில் ரப்பர் பேண்ட் போடுங்கள்: தரைக்கு ஒன்று, கழிவறைக்கு இரண்டு.

சக்கர நாற்காலியைத் துடைக்கும்போது

மூன்றாம் வாரத்து இருபது நிமிடம் இதற்குத்தான். அவர் கட்டிலில் இருக்கும்போது செய்ய வேண்டும். முன்பக்கச் சின்னச் சக்கரத்தின் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிச் சுற்றி ஒரு வளையமாக இறுகியிருக்கும். நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கிறது, தள்ளக் கனக்கிறது என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. சின்னக் கத்தரிக்கோலால் குறுக்கே இரண்டு இடத்தில் வெட்டி, புருவம் எடுக்கும் இடுக்கியால் உருவி எடுத்தால் சுருளாக வந்துவிடும். கையால் தள்ளும் வளையங்களைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து உடனே காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும். கடலோர உப்புக் காற்றில் ஈரம் நின்றால் துரு சீக்கிரம் பிடிக்கும். பிரேக்கிலும் டயரிலும் எண்ணெய் படவே கூடாது.

மெத்தை உறையைத் துவைத்துத் திரும்பப் போடும்போது முன்பக்கம் பின்பக்கம் மாறிவிடுகிறது. பல மெத்தைகள் பின்னால் பள்ளமாகவும் முன்னால் மேடாகவும் இருக்கும்; திருப்பிப் போட்டால் எடை தவறான இடத்தில் இறங்கிப் புண் வரும். உறையின் முன்பக்கம் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு வைத்துவிடுங்கள். காற்று நிரப்பிய மெத்தை என்றால் அதன் வால்வைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

எடுத்த பொருள் எடுத்த இடத்தில்

சுத்தம் செய்ய வருபவர் நல்ல மனதோடு செய்யும் சேதம் ஒன்று உண்டு: ஒழுங்குபடுத்துவது. தோசைக்கல்லை மேல் அலமாரிக்கு ஏற்றிவிடுவார், சார்ஜரைச் சுருட்டி டிராயரில் வைப்பார். அவர் போன பிறகுதான் அது கைக்கு எட்டாது என்று தெரியும். தரையிலிருந்து 40 முதல் 120 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்கும் எதையும் அந்த உயரத்திலிருந்து நகர்த்தக்கூடாது என்று ஒரே விதியாகச் சொல்லுங்கள். கட்டிலருகே நாற்காலி நிற்கும் இடம், கமோடு நாற்காலியின் இடம் ஆகியவற்றைத் தரையில் கலர் டேப் ஒட்டிக் குறியுங்கள். நாற்காலி போகும் வழியில் 90 சென்டிமீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். துடைத்துவிட்டு ஸ்டூலை அங்கே விட்டுப் போவது அடிக்கடி நடக்கும்.

பார்வையற்றவர் வீட்டில் கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும் அல்லது முழுக்கச் சாத்தியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நெற்றியில் இடிக்கும். பக்கெட்டை எங்கே வைத்தாலும் வாயால் சொல்லிவிட்டு வைக்க வேண்டும். காது கேளாதவர் என்றால் வேலைப் பட்டியலைப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். ஆட்டிசம் உள்ளவர் இருக்கும் வீட்டில் வரும் நேரமும் பினாயிலின் வாசனையும் மாறாமல் இருப்பதே பாதி அமைதியைத் தரும்.

யார் சொல்வதைக் கேட்பது என்பதும் முதல் நாளே தெளிவாக வேண்டும். உதவியாளர் அம்மாவிடம் 'அவருக்கு இது போதுமா?' என்று கேட்டால், அம்மா 'அவன்கிட்டயே கேளும்மா' என்று சொல்லட்டும். நாற்காலியில் இருப்பவரும் நேராகவே பேச வேண்டும்: "அக்கா, டேபிள் ஃபேனைத் துடைச்சிட்டு இங்கேயே வெச்சிடுங்க. அந்தாண்ட தள்ளுனா எனக்குக் கை எட்டாது." காரணத்தோடு ஒரு முறை சொன்னால் அடுத்த வாரம் சொல்ல வேண்டியிருக்காது.

ஆள் வராத வாரம்

ஊர்த் திருவிழா, உடம்பு சரியில்லை, மழை என்று மாதத்துக்கு ஒரு நாளாவது வராமல் போகலாம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர் பக்கம் மழைத் தண்ணீர் தேங்கினால் வாரம் முழுக்கவே வர முடியாது. அதற்கு ஒரு இருபது நிமிடப் பட்டியலை இப்போதே எழுதிக் கதவில் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோ உறவினரோ வந்தால் அதை மட்டும் செய்யட்டும்: கழிவறையில் கிளீனர் ஊற்றித் தேய்த்துவிட 8 நிமிடம், விரிப்பு மாற்ற 5, கட்டிலிலிருந்து கழிவறை வரை வழியை மட்டும் துடைக்க 5, குப்பையைக் கட்டி வெளியே வைக்க 2. டயப்பரைத் தாளில் தனியாகச் சுற்றிக் கொடுங்கள். குப்பை வண்டியில் வருபவர் வெறும் கையால் அதைத் தொடும்படி ஆகக்கூடாது. டிரம் தேய்ப்பது மட்டும் இரண்டாவது வாரத்துக்குத் தள்ளிப்போகக் கூடாது. அதற்கு எப்படியாவது ஓர் ஆளைப் பிடியுங்கள்.

பொங்கலை ஒட்டிக் கூடுதல் நேரம் கேட்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், அந்த வாரம் எல்லா வீட்டிலும் அவரையே கேட்பார்கள். பரண், படங்கள் எல்லாம் போகிக்கு முன்பு முடியட்டும். தரையையும் ஜன்னலையும் போகிப் புகை அடங்கிய பிறகு துடைப்பதே பயன் தரும், முன்னால் துடைத்தால் அந்தக் கரி முழுக்க மறுபடியும் படியும்.

நான்கு வாரம் ஓடிய பிறகு முதல் வாரத்து நோட்டை எடுத்து அதே மூன்று கட்டங்களையும் மறுபடி நிரப்புங்கள். நடுக் கட்டத்தில் இன்னும் எந்த வேலை நிற்கிறதோ அதை அடுத்த மாதச் சுழற்சியின் இருபது நிமிடத்தில் வையுங்கள். அதற்கு இடம் கொடுக்க ஜன்னல் வலையை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்று தள்ளிவிடலாம்.